தென்றல் சொசைட்டியின் காற்றுக்கூண்டு

கோயம்புத்தூர்
2 ஏப்ரல் 2025

கிட்டு,

உன் மெயில் வந்தது. "டியர் மேடம்"னு ஆரம்பிச்சு, "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி, கிருஷ்ணன், செகரட்டரி, தென்றல் ஹவுசிங் சொசைட்டி, புனே"ன்னு முடிஞ்சது. யாருடா இந்தக் கிருஷ்ணன்னு ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம்தான் உறைச்சது, இது நம்ம கிட்டு. சின்ன வயசுல தாபோடி குவார்ட்டர்ஸ்ல என் ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைச்சுட்டு அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சுண்ட கிட்டு. ஒரு வருஷமாப் பேசலை, சரி. அதுக்காகக் கூடப்பிறந்தவளை மேடம்னா கூப்பிடுவா?

விஷயத்துக்கு வரேன். நீங்க எல்லாரும் குடியிருக்கற கட்டடத்தை டிசைன் பண்ணினவ நான். அதோட நடுவுல கீழேர்ந்து மொட்டை மாடி வரைக்கும் ஒரு காத்து ஷாஃப்ட் வச்சேன். ஒவ்வொரு ஃப்ளாட்டோட உள்பக்கத்து ஜன்னலும் அதுலதான் திறக்கறது. இப்போ அந்த ஜன்னலை எல்லாம் செங்கல் வச்சு அடைக்கப் போறேள். அதனால ஒரு பாதகமும் இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டு சர்டிஃபிகேட் தரணும். அதானே?

தர மாட்டேன்.

ஏன்டா, நீங்கதானே என்னைத் தேடிண்டு வந்தேள்? ஹிஞ்சேவாடி முழுக்கக் கண்ணாடிப் பெட்டியாக் கட்டி வச்சிருக்கா, ஏசி இல்லாம மூச்சு விட முடியலை, நமக்குன்னு ஒண்ணு கட்டிக்கலாம், கரண்ட் கம்மியா, சிமெண்ட் கம்மியான்னு பட்டாபிராமன் மாமாவே என் ஆபீஸ்ல உட்கார்ந்து காபி குடிச்சுண்டு பிரசங்கம் பண்ணினார். வடக்கு ஜன்னல்ல குளிர்ந்த காத்து வரணும், சூடான காத்து ஷாஃப்ட் வழியா மேல ஏறிப் போகணும். இவ்வளவுதான் அந்த வீட்டோட சூட்சுமம். ஷாஃப்ட்டை அடைச்சா அது மூக்கைப் பொத்திண்டு உட்கார்ந்த மாதிரி. பேர் மட்டும் தென்றல்னு போர்டுல இருக்கட்டும், ரொம்பப் பொருத்தம்.

கோதை


மருஞ்சி, புனே
5 ஏப்ரல் 2025

அக்கா,

அந்த லெட்டரை நான் எழுதலை. பட்டாபிராமன் மாமா சொல்லச் சொல்ல டைப் அடிச்சேன். "அக்காவுக்கு மேடம்னு போடறது நன்னாயிருக்காது மாமா"ன்னேன். "இது அஃபிஷியல், கிட்டு"ன்னுட்டார். அவர் பிரெசிடென்ட், பேங்க்ல பெரிய பதவியில இருந்து ரிடையர் ஆனவர். அவர்கிட்ட நான் என்ன வாதாடறது? ஃபோன் பண்ணினா நீ எடுக்கறதில்லை, எடுத்தாலும் கத்துவே. அதனாலதான் எழுதறேன். நீயும் எழுத்துலயே கத்திட்டே, சந்தோஷம்.

உனக்கு அங்கே உட்கார்ந்துண்டு தத்துவம் பேசறது ஈஸி. இங்கே என் பிராணன் போறது. முதல் மாடியில ஸ்டீபன் இருக்காரே, தூத்துக்குடிக்காரர், ஆகுர்டியில கார் கம்பெனியில வேலை. அவா வீட்டுல மீன் பொரிச்சா நாலாவது மாடியில பட்டாபிராமன் மாமா ஆத்து மாமியோட பூஜை ரூம்ல வாசனை வரது. மிகையாச் சொல்றான்னு நினைச்சுதான் நானே போய் நின்னு பார்த்தேன். பொய் இல்லைக்கா, வரது. கருவாடு பண்ணின அன்னிக்கு மாமி ஸ்லோகம் சொல்றதை நிறுத்திட்டு வாசல்ல வந்து உட்கார்ந்துட்டா.

கமிட்டியில ரெண்டே வழின்னுட்டா. ஒண்ணு, ஷாஃப்ட் ஜன்னலை அடைக்கணும். அதுக்கு உன் சர்டிஃபிகேட் வேணும். அது கிடைக்கலேன்னா, கட்டடத்துக்குள்ளே அசைவம் சமைக்கக் கூடாதுன்னு தீர்மானம். அந்தத் தீர்மானத்தை எழுத வேண்டியவன் யாரு? செகரட்டரி. ஸ்டீபன் முகத்துல நான் எப்படி முழிக்கறது? அவர் பொண்ணும் நம்ம அம்முவும் ஒரே ஸ்கூல் பஸ். ஜன்னலை அடைச்சா யார் மனசும் நோகாது. செங்கல்லுக்கு என்ன மனசா இருக்கு?

இன்னொண்ணும் சொல்லிடறேன். போன வருஷம் ஏசி மாட்டினேன்னு நீ பேச்சை நிறுத்தினே. உன் தென்றல் வீசியிருந்தா நான் ஏன் மாட்டப் போறேன்? அம்முவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. சரசா அவளைப் பக்கத்துல போட்டுண்டு விசிறியோட ஹால்ல படுத்திருந்தா. முதல் ரெண்டு வருஷம் நன்னாத்தான் இருந்தது, நான் இல்லேங்கலை. அப்புறம் என்ன ஆச்சோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.

சைன் பண்ணிக் குடுத்துடேன், ப்ளீஸ்.

கிட்டு


கோயம்புத்தூர்
7 ஏப்ரல் 2025

கிட்டு,

நான் கையெழுத்துப் போடலேன்னா ஸ்டீபன் மீன் திங்கப்படாது. அப்படித்தானே? இதுக்குத் தமிழ்ல மிரட்டல்னு பேர். நீ அதுக்குப் போஸ்ட்மேன்.

வாசனை வரதுன்னு நீ சொல்றதை நம்பறேன், ஏன்னா உன் மூக்கு நாய் மூக்கு. ஆனா வரக் கூடாது. அந்த ஷாஃப்ட் காத்தை மேல இழுத்து வெளியில தள்ளணும். நாலாவது மாடிக்குள்ள திருப்பி விடறதுன்னா யாரோ என்னமோ பண்ணியிருக்கா. எனக்கு ஒரு சந்தேகம். மாடுலர் கிச்சன் போட்டவா யாராவது எலெக்ட்ரிக் சிம்னியோட குழாயை ஷாஃப்ட்டுக்குள்ள விட்டிருப்பா. ஃபேன் வச்சு ஊதினா அடுத்தவா ஆத்துக்குள்ளதான் போகும். ஒவ்வொரு மாடியிலயும் ஜன்னலைத் திறந்து எட்டிப் பாரு. கீழேர்ந்து மொட்டை மாடி வரைக்கும் போட்டோ எடுத்து அனுப்பு. மாடியையும் எடு, விட்டுடாதே.

"அப்புறம் என்ன ஆச்சோ"ன்னு எழுதியிருக்கே. ஒரு வீடு ரெண்டு வருஷம் நன்னா இருந்து திடீர்னு கெட்டுப் போகாதுடா, அது என்ன பாலா? இதை நீ போன வருஷமே சொல்லியிருக்கணும். ஏசி பில்லை வாட்ஸ்அப்புல போட்டு "சாரி அக்கா"ன்னு ஒரு கைகூப்பற பொம்மை அனுப்பினியே தவிர, முதல்ல நன்னாயிருந்தது இப்போ இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னியா?

கோதை


மருஞ்சி
12 ஏப்ரல் 2025

அக்கா,

எல்லா மாடியிலயும் பார்த்துட்டேன். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் பெல் அடிச்சு, "கொஞ்சம் உங்க ஜன்னலைப் பார்க்கணும்"னு நின்னேன். மூணாவது மாடியில இருக்கற மாமி, "ஏன், போலீஸ் வேலைக்குச் சேர்ந்துட்டியா?"ன்னு கேட்டா. குழாய் எதுவும் இல்லை. போட்டோ எல்லாம் இதோட இருக்கு. மாடி போட்டோவுல சரசா வடாம் காயப் போட்டிருக்கா, அதைப் பார்த்துண்டு உட்கார்ந்துடாதே.

நேத்திக்கு ஸ்டீபன் வந்தார். யாரோ அவர்கிட்ட தீர்மானத்தைப் பத்திச் சொல்லிட்டா. சோஃபாவுல உட்காரவே இல்லை. "சார், வீட்டுல இனிமே மீன் பொரிக்கலை. வேணும்னா ஞாயித்துக்கிழமை வெளியில போய்ச் சாப்பிட்டுக்கறோம். தீர்மானம்லாம் வேணாம் சார்"னார். நான் "சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை"ன்னேன். சரசா காபி கொண்டு வந்தா, அதுக்குள்ள போயிட்டார். எனக்கு அன்னிக்கு சாதம் இறங்கலை.

இந்த செகரட்டரி வேலையை யார் தலையிலாவது கட்டிட்டு ஓடிடலாம்னு இருக்கு. டேங்கர் வரலேன்னா என்னைக் கூப்பிடறா, லிஃப்ட் நின்னா என்னைக் கூப்பிடறா. ஆபீஸ்ல ப்ராஜெக்ட் டெலிவரி நேரம் வேற. எரியற கொள்ளியில எது நல்ல கொள்ளி, நீயே சொல்லு.

கிட்டு


கோயம்புத்தூர்
12 ஏப்ரல் 2025

கிட்டு,

வடாம் காயற போட்டோவை இப்போதான் பார்த்தேன். பின்னாடி ஷாஃப்ட் வாய் தெரியறது.

அதுக்கு மேல இருந்த கூண்டு எங்கே?

கோதை


மருஞ்சி
14 ஏப்ரல் 2025

அக்கா,

முதல்ல புத்தாண்டு நமஸ்காரம். சரசா மாங்காய்ப் பச்சடி பண்ணினா, வேப்பம்பூ கிடைக்கலை.

கூண்டுன்னு நீ எதைச் சொல்றேன்னு எனக்குச் சட்டுனு புரியலை. அந்தக் கறுப்புத் தகரமா? ஒன்றரை ஆள் உயரத்துக்கு நின்னுண்டிருந்ததே, அதுவா? அதை போன வருஷம் ஜனவரியிலயே வெட்டியாச்சே. சோலார் பேனல் மாட்ட வந்தவன், இந்தத் தகரத்தோட நிழல் பேனல்ல விழறது, கரண்ட் குறையும்னான். கமிட்டியில எல்லாரும் சேர்ந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னோம். வெட்டின தகரத்தைப் பழைய இரும்பு வாங்கற பங்கார்வாலா டெம்போவுல போட்டுண்டு போயிட்டான்.

அது எலிவேஷனுக்காக, அழகுக்கு வச்சிருக்கேன்னுதான் எல்லாரும் நினைச்சோம் அக்கா. பட்டாபிராமன் மாமா கூட, "கோதைக்கு இந்த மாதிரி மாடர்ன் ஆர்ட்ல ஒரு இது"ன்னு சொன்னார். சோலாரும் பசுமைதானே, அதுவும் நீ சொல்ற வழிதானே? உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். ஏதாவது தப்பாயிடுத்தா?

கிட்டு


கோயம்புத்தூர்
15 ஏப்ரல் 2025

அடப்பாவி கிட்டு,

அழகுக்கா? கறுப்புத் தகரத்தை மாடியில அழகுக்கு நிறுத்தறதுக்கு எனக்கு என்ன பைத்தியமா?

இப்போ நான் சொல்றதை மெதுவாப் படி. வெய்யில்ல அந்தத் தகரம் காயும். தகரம் காஞ்சா உள்ள இருக்கற காத்து சூடாகி மேல ஏறும். அது ஏற ஏற, கீழ நாலு மாடியிலேர்ந்தும் காத்தை உறிஞ்சும். மின்சாரம் இல்லை, ஃபேன் இல்லை, ரிப்பேர் இல்லை. சூரியன் இருக்கற வரைக்கும் வேலை செய்யும். கறுப்பு அடிச்சது அதுக்கு. உயரம் வச்சது அதுக்கு. அடுப்படிப் புகைபோக்கி கூரைக்கு மேல தலையை நீட்டினாத்தான் புகை வெளியில போகும், கூரையோட நின்னா பரண்லதான் அடையும். இது எந்த சமையக்காரருக்கும் தெரியும். நீங்க கூண்டோட கழுத்தை வெட்டினேள். முதல் மாடியிலேர்ந்து ஏறி வந்த காத்துக்குப் போக இடமில்லை, நாலாவது மாடி ஜன்னல்ல நுழைஞ்சது. அவ்வளவுதான். மாமியோட பூஜை ரூமுக்கு நெத்திலியைக் கொண்டு வந்து சேர்த்தது ஸ்டீபன் இல்லை, உங்க கமிட்டி.

தேதியைப் பாருடா. ஜனவரியில வெட்டினேள். ஏப்ரல்ல உன் குழந்தைக்கு வேர்க்குரு. நீ ஏசி மாட்டினே. நான் உன்னோட பேசறதை நிறுத்தினேன். ஒரு துண்டுத் தகரத்துக்காகக் கூடப்பிறந்தவா ரெண்டு பேரும் வருஷம் முழுக்க முகம் திருப்பிண்டு இருந்திருக்கோம். சிரிக்கறதா அழறதான்னு தெரியலை எனக்கு.

சோலார் பேனலுக்கு நான் விரோதி இல்லை. என்னைக் கேட்டிருந்தா, கார் நிறுத்தற ஷெட் மேல போடுங்கோன்னு ஒரே வரியில சொல்லியிருப்பேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடிச்சு வச்சிருக்கேள். இனிமேலாவது கேளு. கூண்டு பழைய உயரத்துக்கு வரணும். நிழல் விழற அந்த ஒரு வரிசைப் பேனலைக் கழட்டி ஷெட் மேல மாத்தணும். டிராயிங்கை இதோட அனுப்பியிருக்கேன். ஆகுர்டியில தகர வேலை செய்யற பட்டறை ஆயிரம் இருக்கு, எவன் வேணும்னாலும் அடிச்சுக் குடுப்பான்.

ஜெனரல் பாடி கூட்டு. எழுந்து பேசு. எப்பவும் போல இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்னா, நான் ரயிலேறி வந்து உங்க மீட்டிங்ல நிப்பேன். அப்புறம் மேடம் யாருன்னு தெரியும்.

கோதை


மருஞ்சி
4 மே 2025

அக்கா,

இன்னிக்குக் காலம்பற மீட்டிங் நடந்தது. முடிஞ்சு வந்து நேரா உனக்குத்தான் எழுதறேன். தொண்டை கட்டிண்டு போயிடுத்து.

உன் டிராயிங்கைப் பெரிசா பிரிண்ட் எடுத்து பார்க்கிங்ல ஒட்டினேன். நீ சொன்ன புகைபோக்கி உதாரணத்தையே சொன்னேன். பாதிப் பேருக்குப் புரிஞ்சது. சோலார்காரன், பேனலை இடம் மாத்தினா வாரண்டி போயிடும்னு மெயில் போட்டிருந்தான். பட்டாபிராமன் மாமா அதைப் பிடிச்சுண்டார். "மீன் பொரிக்கறது அவர், நாம ஏன் பேனலைத் தூக்கணும்?"னார். அப்புறம் ஒண்ணு சொன்னார், "உங்க அக்காவுக்குத் தன் டிசைன் பெரிசு, மனுஷா கஷ்டம் பெரிசில்லை."

அவ்வளவுதான், எனக்கு எங்கேர்ந்து வந்ததோ தெரியலை. "மாமா, கழுத்தை வெட்டினதுல உங்க கையெழுத்தும் இருக்கு, என் கையெழுத்தும் இருக்கு. அக்கா கையெழுத்து மட்டும்தான் இல்லை"ன்னு கத்தினேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியலை. வாட்ச்மேன் கேட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஓடி வந்தார், "க்யா ஹுவா?", என்ன ஆச்சுன்னு கேட்டுண்டு. சரசா என்னைப் புதுசாப் பார்க்கற மாதிரி பார்த்தா.

கடைசியில கை தூக்கினதுல நம்ம பக்கம்தான் ஜாஸ்தி. கூண்டு ஏறும், பேனல் ஷெட்டுக்குப் போகும். அசைவத் தீர்மானத்தைத் தள்ளி வச்சிருக்கா, கூண்டு வேலை செய்யறதான்னு பார்த்துட்டு எடுத்துக்கலாம்னு. ஸ்டீபன் வரலை. ஞாயித்துக்கிழமை, சர்ச் இருந்திருக்கும்.

கிட்டு


கோயம்புத்தூர்
5 மே 2025

கிட்டு,

பேஷ். நீ கத்தினதை வீடியோ எடுத்திருந்தா அனுப்பு, அம்மா படத்துக்கு முன்னாடி போட்டுக் காட்டணும்.

கூண்டு ஏறினதும் ஒரு காரியம் பண்ணு. வெய்யில் நன்னா ஏறினப்புறம், ஷாஃப்ட் ஜன்னல்கிட்ட ஊதுபத்தி ஏத்திப் பிடி. புகையை ஷாஃப்ட்டுக்குள்ள இழுத்துண்டு போனா கூண்டு வேலை செய்யறது. உன் மூஞ்சிக்கு வந்தா பட்டறைக்காரன் எங்கேயோ இடுக்கு விட்டிருக்கான். எல்லா மாடியிலயும் பார்க்கணும், முக்கியமா நாலாவது மாடி. மாமியையே ஊதுபத்தியைப் பிடிச்சுக்கச் சொல்லு, கண்ணால பார்த்தாத்தான் நம்புவா.

கோபம் போயிடுத்தான்னு கேக்காதே. போகலை. குறைஞ்சிருக்கு.

அக்கா


மருஞ்சி
8 ஜூன் 2025

அக்கா,

ரொம்ப நாளா எழுதலை. நல்ல சேதியை முதல்ல சொல்லிடறேன். கூண்டு ஏறி ரெண்டு வாரம் ஆறது. ஊதுபத்திப் புகையை அது இழுத்த இழுப்பைப் பார்த்து அம்மு கை தட்டினா. நாலாவது மாடியில மாமி கையிலயே குடுத்தேன். புகை அவா பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏசி ரிமோட்டைத் தேடணும் இப்போ, எங்கே வச்சோம்னு யாருக்கும் நினைவில்லை. மத்தியானத்துல ஹால்ல ஜில்லுனு காத்து வரது. நீ ஜெயிச்சுட்டே.

இப்போ மீதியைச் சொல்றேன்.

முந்தாநாள் பட்டாபிராமன் மாமா ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்தார். ஒரு வாரமா மறுபடியும் மீன் வாசனை வரதாம். கூண்டு தோத்துப் போச்சாம். தள்ளி வச்ச தீர்மானத்தை உடனே எடுத்துக்கணுமாம்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. ஏன்னா ஸ்டீபன் வீடு மே மாசம் நடுவுலேர்ந்தே பூட்டிக் கிடக்கு. ஸ்கூல் லீவுன்னு குடும்பத்தோட தூத்துக்குடி போயிருக்கா. வேற யாரும் இந்தக் கட்டடத்துல அசைவம் சமைக்கறதில்லை. நான் அதை மாமாகிட்டச் சொன்னேன். கம்ப்ளெயின்ட் பேப்பரைத் திருப்பி வாங்கி ஒரு தடவை படிச்சார். அப்புறம், "அப்போ அது சுவத்துல ஊறிப் போன பழைய வாசனை, கிட்டு. அவா திரும்பி வந்தா இன்னும் ஜாஸ்தியாகும்"னார்.

அக்கா, அவர் பொய் சொல்றார்னு எனக்குத் தோணலை. நிஜமாவே அவருக்கு வரதுன்னுதான் தோணறது. அதுதான் பயமா இருக்கு.

அன்னிக்கு சாயங்காலமே ஸ்டீபனுக்கு ஃபோன் பண்ணினேன். கூண்டு நன்னா வேலை செய்யறது, இனிமே கவலையில்லாம வாங்கோன்னு சொல்லலாம்னு. அவர் முழுக்கக் கேட்டுண்டார். "ரொம்ப சந்தோஷம் சார், அக்காகிட்டச் சொல்லிடுங்க"ன்னார். அப்புறம் சொன்னார், "நாங்க ஆகுர்டியில வாடகைக்கு வீடு பாத்துட்டோம் சார். இந்த வாரக் கடைசியில குடி போறோம். ஃப்ளாட்டை வித்துரலாம்னு இருக்கேன். வாசனைக்காக இல்ல சார். லிஃப்ட்ல பாப்பா ஏறுனா மூக்கைப் பொத்துறாங்க சார். அது குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போவுற நேரம். பாப்பா வீட்டுல வந்து கையை மோந்து மோந்து பாக்குது."

இத்தனை மீட்டிங், இத்தனை டிராயிங், இத்தனை கத்தல். எதுக்கு?

கிட்டு


கோயம்புத்தூர்
9 ஜூன் 2025

கிட்டு,

உன் கடிதத்தை சைட்ல வச்சுப் படிச்சேன். அங்கேயே சிமெண்ட் மூட்டை மேல உட்கார்ந்துட்டேன். மேஸ்திரி தண்ணி கொண்டு வந்து குடுத்தார்.

நான் ஜெயிச்சுட்டேன்னு எழுதியிருக்கே. வயத்தெரிச்சலைக் கொட்டிக்காதே. இத்தனை கடிதத்தையும் இப்போ முதல்லேர்ந்து படிச்சுப் பார்த்தேன். கூண்டு, ஷாஃப்ட், தகரம், உயரம், பேனல். ஏப்ரல்ல அந்த மனுஷன் உன் ஆத்து ஹால்ல உட்காராம நின்னுட்டுப் போனார்னு நீ எழுதியிருந்தே. நான் பதிலுக்கு, கூண்டு எங்கேன்னு கேட்டேன். ஸ்டீபன் எப்படி இருக்கார்னு ஒரு வார்த்தை கேக்கலை. நீ மீட்டிங்ல கத்தினது கூட எனக்காகத்தான், அவருக்காக இல்லை. அவர் ஏன் வரலைன்னு ரெண்டு பேருக்கும் தோணலை. சர்ச்னு எழுதினே, நானும் தலையாட்டிட்டு ஊதுபத்தி ஏத்தச் சொன்னேன்.

மாமாவுக்குப் பதில் எழுதணும்னா இப்படி எழுது. டிசைன் பண்ணினவளைக் கேட்டாச்சு. பூட்டின வீட்டுலேர்ந்து வர வாசனையை வெளியில தள்ள எவ்வளவு உயரத்துக்குக் கூண்டு கட்டணும்னு அவளுக்குத் தெரியலை. தீர்மானத்தைச் செகரட்டரி எழுத மாட்டான், வேற கை பார்த்துக்கோங்கோ. இதைத் தைரியமாக் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டு. அவா உன்னைப் பதவியிலேர்ந்து தூக்கினா நல்லதுதான், எப்படியும் ஓடணும்னுதானே சொன்னே.

ஆனா அதுக்கு முன்னாடி ஆகுர்டிக்குப் போ. சரசாவையும் அம்முவையும் கூட்டிண்டு போ. ஃபோன் பண்ணிட்டுப் போகாதே, வர வேணாம்னுடுவார். கூண்டைப் பத்திப் பேசாதே, கட்டடத்தைப் பத்திப் பேசாதே, திரும்பி வாங்கோன்னும் கெஞ்சாதே. செகரட்டரியாப் போகாதே, அம்முவோட அப்பாவாப் போ. அம்மு அந்தக் குழந்தை பக்கத்துல போய் உட்காரட்டும். அவா சாப்பிடச் சொன்னா உட்கார்ந்து சாப்பிடு, அவா வீட்டுல ரசமும் சாதமும் இல்லாமலா இருக்கும்? தட்டை அவா கொண்டு வந்து வச்சதும் முகத்தை ஒரு மாதிரி வச்சுக்காதே.

போயிட்டு வந்து எழுது. ஸ்டீபன் கதவைத் திறக்கலேன்னா, அதையும் எழுது.

அக்கா